பழைய குடையில் ஹெல்மெட்டுக்கு ஒரு மழை உறை

மழையில் சைக்கிள் ஓட்டுகிறவரின் தலைக்குத் தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஓட்டுகிற வேகத்தில் முன்னாலிருந்து அடிக்கும். நெற்றி வழியாக மூக்குக் கண்ணாடிக்குள் இறங்கும். ஹெல்மெட் வாரைப் பிடித்துக்கொண்டு தாடை வரை ஓடும். பின்னல் நனைந்தால் அது வழியாகவே முதுகு முழுக்க இறங்கும். இத்தனையையும் அடைத்துவிட்டோம் என்று நினைக்கும்போது உள்ளேயே ஊறும் வியர்வை மிச்சமிருக்கும். நம் சீதோஷ்ணத்தில் அந்தக் கடைசித் தண்ணீர்தான் பெரிய வேலை வாங்குகிறது. கடையில் விற்கும் உறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றுக்குள் தலை வெந்துவிடும்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கம். காலையில் வீட்டில் தையல் வேலை. மாலையில் தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டியூசன். போக வர சைக்கிள்தான். எங்கள் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சுற்று, அக்டோபர், நவம்பரில் இன்னொரு சுற்று என்று மழை வலுக்கும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் மீது மேகம் கருக்கும். நாலு மணி வாக்கில் கொட்டித் தீர்க்கும். வடக்கே தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. எங்களுக்கு அவ்வளவு இல்லை. ஆனால் நான் சைக்கிளை எடுக்கிற நேரமும் வானம் திறக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது.

உடம்புக்கு ரெயின்கோட் போதும். கால் நனைந்தால் செருப்பைக் கழற்றித் துடைத்துக்கொள்ளலாம். தலை அப்படியில்லை. நீளமான முடி ஒருமுறை ஊறிவிட்டால் காய ராத்திரி ஆகிவிடும். ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் நின்று பாடம் நடத்தினால் மறுநாள் நீர் கோத்துக்கொண்டு தலை பாரமாக இருக்கும். அதனால் இதை ஒரு தையல் வேலையாகவே எடுத்துக்கொண்டு செய்து முடித்தேன். அளவுகளோடு எழுதி வைக்கிறேன், வேண்டியவர்கள் தைத்துக்கொள்ளலாம்.

முதலில் எளிய வழிகள். மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பையை ஹெல்மெட் மேல் கட்டினால் காற்றில் படபடவென்று அடித்து, பின்னால் வரும் லோரிச் சத்தம்கூடக் காதில் விழாது. சிலர் பையைத் தலையில் போட்டு அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் மேல் ஹெல்மெட் வழுக்கும். விழும்போது அது தலையில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. ஹோட்டல் குளியலறையில் கொடுக்கும் மெல்லிய தொப்பி ஹெல்மெட்டுக்குச் சரியாகப் பொருந்தும், காசும் இல்லை. திடீர் மழைக்குப் பையில் ஒன்று வைத்திருக்கலாம். ஆனால் எல்லா ஓட்டையையும் மூடிவிடும். இலாஸ்டிக் சுருக்கத்தில் தேங்குகிற தண்ணீர் தலையைக் குனிந்தால் நெற்றியிலும் நிமிர்ந்தால் பிடரியிலும் கொட்டும்.

ரெயின்கோட்டின் தலைமூடியை ஹெல்மெட்டுக்குள் போடுகிறவர்கள் நிறைய. இது எனக்குப் பிடிக்காத முறை. சாலையைக் கடக்கத் திரும்பிப் பார்க்கும்போது தலை திரும்பும், மூடி திரும்பாது. வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டிய கண் மூடியின் உள்பக்கத் துணியைத்தான் பார்க்கும். ஹெல்மெட்டுக்கு வெளியே போட்டாலும் அதே கதை, கூடவே காற்று புகுந்து பின்னுக்கு இழுக்கும். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈரச் சாலையில் இரண்டு பிரேக்கும் கைக்குள் இருக்க வேண்டும்.

இதற்கு வழி காட்டியது பெரியம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவர்கள் காலத்தில் மழை நாளில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டுக் கொங்காணி போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போவார்களாம். "தலையிலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே துணிம்மா. கழுத்துல இடைவெளி விட்டா மேல எவ்வளவு மூடினாலும் பிரயோசனமில்ல" என்றார். கழுத்துக்குப் பின்னால் ஒரு வால் வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அவர் சொன்ன இன்னொன்று மரத்தைப் பற்றியது. ரப்பர் மரத்தில் மழை நாளில் தொல்லை கொடுப்பது இலையிலிருந்து சொட்டும் தண்ணீரைவிடப் பட்டையோடு வழியும் தண்ணீர்தான். அது வெட்டுக்கோட்டில் இறங்கினால் பால் கோட்டைத் தாண்டிப் பரவிவிடும். பால் பிடிக்கும் மங்கில் (கிண்ணத்தில்) விழுந்த பாலிலும் தண்ணீர் கலக்கும். அதற்காக வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருக்கம் வைத்துக் கட்டுவார்கள். மேல் விளிம்பை மட்டும் தார்ப் பசை பூசிப் பட்டையோடு அடைப்பார்கள். கீழ் விளிம்பு விரிந்து, திறந்தே நிற்கும். மரம் முழுவதையும் யாரும் சுற்றி வைப்பதில்லை. மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளை 1877இல் நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். இத்தனை காலம் மரத்தோடு இருந்தவர்களுக்குத் தண்ணீர் எப்படி இறங்கும் என்பது கைப்பழக்கமாகவே தெரிகிறது.

ஹெல்மெட்டும் அந்த மரம் மாதிரிதான். தண்ணீர் வழியும் பாதையில் மேல்பக்கம் உறுதியான அடைப்பு, கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் காற்றுக்குத் திறப்பு. உறை தைக்கும்போது நான் எடுத்த ஒவ்வொரு முடிவும் இதிலிருந்து வந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் பார்த்தால் வேலை இன்னும் தெளிவாகிறது. நடுத்தர மழைத்துளி, 2 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது, நொடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். மணிக்கு 18 கிலோமீட்டரில் சைக்கிள் போனால் அது நொடிக்கு 5 மீட்டர். காற்றே இல்லாவிட்டாலும் அந்தத் துளி நம் முகத்துக்கு, நேர்க்குத்தாக விழுவதிலிருந்து ஏறக்குறைய 38 பாகை சாய்வில் வரும். தூறல் துளி சின்னது. 1 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 4 மீட்டர்தான் இறங்கும். அதே வேகத்தில் ஓட்டினால் அது 50 பாகைக்கு மேல் சாய்ந்து வரும். பெருமழையைவிடத் தூறலில் கண்ணாடி அதிகம் நனைவது இதனால்தான்.

என் ஹெல்மெட்டின் முன்விளிம்பிலிருந்து கண்ணாடியின் கீழ் ஓரம் வரை 9 செ.மீ. நடுத்தர மழைக்குக் கண்ணாடியைத் தாண்டி 7 செ.மீ. முன்மறைப்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தூறலுக்கு 11 செ.மீ. வேண்டும், ஆனால் அவ்வளவு நீளம் வைத்தால் எதிர்க்காற்றில் ஹெல்மெட்டையே தூக்கும். குனிந்து ஓட்டும்போது எதிரே சாலையும் மறையும். நான் 7.5 செ.மீ.யில் நிறுத்தினேன். தூறலில் வேகத்தை மணிக்கு 12 கிலோமீட்டருக்கு இறக்கினால் அதே முன்மறைப்பே போதுமாகிறது. உங்கள் அளவு வேறாக இருக்கும். நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

துணிக்குக் கம்பி உடைந்த பழைய குடை ஒன்று எடுத்தேன். எட்டுக் கம்பிக் குடை, அதாவது எட்டு முக்கோணத் துண்டு. குடைத் துணி நெருக்கமாக நெய்த மெல்லிய பாலியஸ்டர். உள்பக்கம் பூச்சு இருக்கும். கைக்குள் சுருட்டினால் ஒரு கைக்குட்டை அளவுக்கு அடங்கும். கம்பி முனைகளில் உள்ள தையலையும் உச்சியில் உள்ள முடிச்சையும் வெட்டினால் துணி முழுதாகக் கழன்று வரும். துண்டுகளைப் பிரிக்கக் கத்தரியைவிடத் தையல் பிரிக்கும் ஊசி நல்லது. அவசரப்பட்டு இழுத்தால் ஓரம் கிழியும். பிரித்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடுகளில் பூச்சு உதிர்ந்து ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வெட்ட வேண்டும்.

அளவு எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: ஹெல்மெட்டைச் சுற்றிச் சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக்கை இழுத்துப் போர்த்தி, அதன் மேல் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக முழுவதும் ஒட்டவும். பிறகு நெற்றியிலிருந்து பிடரிக்கு நடுப்பட்டை, இரண்டு பக்கத் துண்டு என்று பேனாவால் கோடு போட்டுக் கோட்டில் வெட்டினால் ஹெல்மெட்டின் தோல் அப்படியே உரிந்து வரும். அதைக் காகிதத்தில் பரப்பிச் சுற்றிலும் 1.2 செ.மீ. தையலுக்கு விட்டால் மாதிரி தயார். எனக்கு நடுப்பட்டை 14 செ.மீ. அகலம், வாலோடு சேர்த்து 57 செ.மீ. நீளம் வந்தது.

இங்கேதான் குடை ஒரு தடை போட்டது. முக்கோணத்தில் 14 செ.மீ. அகலம் கிடைக்கிற பகுதி ஏறக்குறைய 38 செ.மீ. நீளம்தான். நடுப்பட்டையை ஒரே துண்டாக வெட்ட முடியாது. இரண்டு முக்கோணத்தை அப்படியே இணைத்து வெட்டினால் உச்சந்தலை மேல் ஒரு தையல் வரும், அது வேண்டாம். ஆகவே முன்துண்டு 30 செ.மீ., பின்துண்டு 32 செ.மீ. என்று தனித்தனியாக வெட்டி, முன்துண்டு பின்துண்டின் மேல் 5 செ.மீ. ஏறி நிற்கும்படி வைத்தேன். அந்த ஏற்றத்தின் இரண்டு பக்கத்தையும் பக்கத் தையலில் பிடித்துவிட்டு, நடுவைத் தைக்காமல் திறந்தே விட்டேன். உறையிலேயே மிக நல்ல பகுதி இதுதான். ஹெல்மெட்டில் காற்று முன் ஓட்டையில் நுழைந்து பின் ஓட்டையில் வெளியேறும். முன்னால் மழை அடிப்பதால் அங்கே மூட வேண்டும். பின்னால் திறக்கலாம், ஏனென்றால் ஓடும்போது மழை பின்பக்கம் படாது. சாலைச் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மழை நேராக விழும். அப்போது மேலே ஏறி நிற்கும் 5 செ.மீ. துணி காப்பாற்றும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தத் திறப்பு ஹெல்மெட்டின் மிக உயர்ந்த புள்ளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உச்சிக்கு முன்னால் வந்தால் தண்ணீர் அதற்குள்ளேயே ஓடும்.

திறப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்துண்டின் பின் ஓரத்தை மடித்து, அந்த மடிப்புக்குள் பழைய பிளாஸ்டிக் ஃபைலில் வெட்டிய ஒரு செ.மீ. அகலப் பட்டையை நுழைத்தேன். அது வில் போல வளைந்து ஒன்றரை செ.மீ. வாயைத் திறந்து வைக்கிறது. முன்மறைப்புக்கும் அதே ஃபைல் அட்டைதான். கெட்டியான பிளாஸ்டிக், உலோகக் கம்பி எதையும் வைக்காதீர்கள். விழுந்தால் முகத்துக்கு நேரே இருக்கிற பொருள் இது. மடங்குகிறதாக இருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள்.

தைக்கும்போது குண்டூசி வேண்டாம். குத்திய ஒவ்வோர் இடமும் ஓட்டைதான், இந்தத் துணியில் அது மூடாது. துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். 11ஆம் நம்பர் புது ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் துணி அந்தக் கோட்டில் சல்லடையாகி, இழுத்தால் கிழிந்து வரும். பூச்சுப் பக்கம் மெஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. இடையில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுத்துவிடலாம். முக்கோணத்தின் சாய்ந்த ஓரங்கள் இழுத்தால் நீளும், அங்கே மாதிரியை வைக்காமல் நெசவு நேராக ஓடும் நடுப்பகுதியில் வையுங்கள்.

நடுப்பட்டையையும் பக்கத் துண்டையும் சாதாரணமாக ஒட்டி அடித்தால் போதாது. ஜீன்ஸ் காலின் ஓரத்தில் இருக்குமே, ஒரு விளிம்பு இன்னொன்றை மூடி இரண்டு வரி ஓடும் மடிப்புத் தையல், அதுதான் வேண்டும். நடுப்பட்டையின் விளிம்பு பக்கத் துண்டின் மேல் வந்து கீழ் நோக்கி மடிய வேண்டும். திருப்பி மடித்தால் உச்சியிலிருந்து வரும் தண்ணீர் மடிப்புக்குள் தேங்கி, மெதுவாக ஊசித் துளைகளில் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், மழையில்தான் வித்தியாசம் தெரியும்.

ஊசித் துளைகளை அடைக்க ஹார்ட்வேர் கடையில் என்ன வாங்குவது என்பது துணியின் பூச்சைப் பொறுத்தது. பாலியூரித்தேன் பூச்சில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும். சிலிக்கோன் பூச்சில் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் நிற்காது. கழிவுத் துண்டில் இரண்டையும் ஒரு பொட்டு வைத்து, இறுகிய பிறகு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என் குடைக்குப் பாலியூரித்தேன் பசைதான் பிடித்தது. கையுறை போட்டுக்கொண்டு, தையலின் உள்பக்கம் விரலால் மெல்லிசாக இழுத்துவிட்டால் போதும். இந்தப் பசைகள் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறவை. ஆகவே நம் ஊரில் சீக்கிரமே பிடித்துவிடும். ஆனாலும் ஒரு முழு நாள் தொடாமல் விடவும்.

பசை பூசுவதை உறையைக் கழற்றி வைத்துத்தான் செய்ய வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை பாலிஸ்டைரீன். தின்னர், பெட்ரோல், சில பசைகளில் உள்ள கரைப்பான் பட்டால் அது உருகிக் குழியாகும். ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு அடியில் நடந்தால் வெளியே தெரியக்கூடத் தெரியாது. அதே காரணத்தால் ஹெல்மெட்டில் எதையும் ஒட்டவில்லை. முன்பக்கம் தட்டை இலாஸ்டிக்கில் இரண்டு கண்ணி வைத்து, அவற்றை முன் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வெளியே மாட்டினேன். பின்பாதி விளிம்பில் மட்டும் இலாஸ்டிக். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் முடிச்சோ பொத்தானோ எதுவும் வரக்கூடாது.

பெரியம்மா வந்து கையில் எடுத்துப் பார்த்தார். உறையைத் திருப்பி, முன்மறைப்பு சேரும் இடத்தை விரலால் தடவினார். "இந்த மேல் விளிம்பு ஒட்டலன்னா மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டினதே வீண். இங்க இன்னொரு கை பூசு" என்றார். அவர் காட்டிய இடம் நெற்றிக்கு நேர் மேலே. உச்சியிலிருந்து முன்னுக்கு வழிகிற தண்ணீர் முழுவதும் அந்த மூட்டில்தான் வந்து சேரும். அங்கே இரண்டாவது பூச்சு போட்டேன்.

சாலைக்குப் போகும் முன் குழாயடியில் ஒரு சோதனை. பெரிய குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைப் போர்த்தி, தண்ணீரில் கரையும் மார்க்கர் பேனாவால் நெருக்கமாகக் கட்டம் போட்டேன். அதன் மேல் ஹெல்மெட், அதன் மேல் உறை. ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தி, முன்னாலிருந்து சாய்வாகக் கொஞ்ச நேரம், நேர் மேலிருந்து கொஞ்ச நேரம் அடித்தேன். கழற்றிப் பார்த்தால் காகிதம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நனைந்த கட்டத்தில் மை நீலமாகப் பூத்து நிற்கும். நனையாத கட்டம் கோடு கோடாக அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட ஒரு சின்ன நீலப் பொட்டாக மாட்டிக்கொள்ளும். நெற்றிப் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டு காது ஓரத்திலும் மட்டும் நீலம் பூத்திருந்தது.

அதற்குக் காரணம் வார். ஹெல்மெட் வார் நெய்த நாடா. அதன் ஒரு நூல் வெளியே மழையில் பட்டால் போதும், தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்துவிடும். பக்கத் துண்டின் விளிம்பை வார் தொடங்கும் இடத்துக்குக் கீழே 3 செ.மீ. இறக்கி, காதுக்கு எதிரே ஒரு சின்ன வளைவு வெட்டினேன். காதை மூடவில்லை. ஈரச் சாலையில் பின்னால் வருகிற வண்டியின் சத்தம்தான் நமக்குப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி.

இனி வால். ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே 9 செ.மீ. தொங்குகிறது. அது ரெயின்கோட் கழுத்துக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகிக்கொண்டால் தலையில் விழுந்த மழை அத்தனையும் முதுகுக்குள் போகும். வாலின் ஓரத்தில் ஒளி பிரதிபலிக்கும் டேப்பைத் தைத்தேன். மழை நேரத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, குடையும் கருநீலம். டேப்பைத் தைப்பதற்கு வால் ஓரமே சரியான இடம்; உச்சியில் தைத்தால் புதிதாக ஓட்டை போட்டதாகும்.

நீள முடி உள்ளவர்களுக்கு ஒன்று. பின்னலைத் தொங்கவிட்டால் வால் எவ்வளவு நீளம் வைத்தாலும் பயனில்லை. பின்னல் நுனி நனைந்தால் ஈரம் மேலே ஏறிக்கொண்டே வரும். உருண்டைக் கொண்டை போட்டால் ஹெல்மெட்டின் பின் பிடி சரியாக உட்காராது. ஹெல்மெட் முன்னுக்குச் சரிந்து நெற்றியை மறைக்கும். பின்னலைப் பிடரியில் தட்டையாகச் சுற்றி இரண்டு கிளிப் போட்டால் ஹெல்மெட்டுக்குக் கீழே, வாலுக்கு உள்ளே அடங்கும். பூ வைத்துக்கொள்ளும் நாளில்கூடக் கசங்காமல் வந்துசேர முடிகிறது.

மழையில் ஓட்டிப் பார்த்ததில் இந்த உறை என்னை ஏமாற்றவில்லை. மண்டபத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினால் முடி உலர்ந்திருக்கிறது. நெற்றி ஓரத்தில் மட்டும் மெல்லிய ஈரம், அது வியர்வை. மழை கொட்டும்போது காற்றே தண்ணீரைக் குடித்து நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாக அதில் அதிகம் இடமில்லை. எந்தத் துணியும் இதை மாற்றாது. பின் திறப்பு சூட்டை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மீதியை வேகம்தான் முடிவு செய்யும். வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பி, மேட்டில் மிதிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் தலை நனையாது. உள்ளே தலையில் கட்டிக்கொள்ளப் பருத்தித் துணி வேண்டாம். ஒருமுறை ஊறினால் விடாது. மெல்லிய விளையாட்டுத் துணிப் பட்டை ஒன்று நெற்றியில் போதும், பிழிந்தால் காய்ந்துவிடும்.

மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டை இரண்டு பக்கமும் தடவி உலரவிட்டு, தண்ணீர் படாமல் மெல்லிய துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். போகிற தூரத்துக்கு நிற்கும்.

இடி இருந்தால் இந்த உறை, ரெயின்கோட் எல்லாம் மூட்டையில் இருக்கட்டும். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் சிலர் ஒதுங்குவதைப் பார்க்கிறேன், அது மிக ஆபத்து. என் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: டியூசனுக்குத் தாமதமாக வந்தால் ஒன்றும் ஆகாது.

பராமரிப்பு எளிது. ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும், பூச்சும் பிசுபிசுக்கும். வந்தவுடன் உதறி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பூச்சு சீக்கிரம் உதிரும். அழுக்கானால் வெறும் தண்ணீர், கொஞ்சம் சோப்பு. பிரஷ் வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம். மடிக்கும்போது ஒரே கோட்டில் மடிக்காமல் கசக்கிச் சுருட்டினால் பூச்சு வெகுநாள் இருக்கும்.

எட்டு முக்கோணத்தில் எனக்குச் செலவானது நாலு. முன்மறைப்பின் மேல் துணிக்கு இன்னொன்றில் ஒரு பகுதி. மிச்சத்தில் டியூசனுக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். இலாஸ்டிக்குக்கும் டேப்புக்கும் சில வெள்ளி (ரிங்கிட்) தான் ஆகிறது. பிள்ளைகளுக்குத் தைக்கிறவர்கள் மூன்று இடத்தில் அளவை மாற்ற வேண்டும். முன்மறைப்பு 5 செ.மீ. போதும், அவர்கள் மெதுவாகத்தான் மிதிக்கிறார்கள். நீளமாக வைத்தால் மேலே நிமிர்ந்து பார்க்க முடியாது. பின் திறப்பின் ஏற்றத்தை 6 செ.மீ.யாகக் கூட்டவும், ஏனென்றால் பிள்ளைகள் பேசிக்கொண்டே நின்று நின்றுதான் வருவார்கள், நேர் மழை அதிகம் படும். வாலை 6 செ.மீ.க்குக் குறைத்துவிடவும். முழு நீளம் வைத்தால் புத்தகப் பையின் மேல் விளிம்பில் முட்டி மடிந்து, தண்ணீரைப் பைக்குள் இறக்கிவிடும்.